ரிச்சர்ட்சன் விசா சர்ச்

அமெரிக்காவில் ஒருவரிடமிருந்து எதையாவது பிடுங்கப் போகிறார்கள் என்றால் முதலில் காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். டெக்சாஸுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எட்வின் தவராஜுக்கு இந்த மரபு பிடிபடவில்லை. பிராட் காப்பிக்குக் கூப்பிட்டதும், தமிழ்ச் சபையைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

எட்வினுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் வாரம் முழுக்க ரூட்டர்களைச் சோதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்ச் சபையின் செயலாளராக மாறிவிடுகிறவர். சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஊரிலுள்ள பெரிய வெள்ளைக்காரச் சபை ஒன்று, தன் பின்கட்டில் இருக்கும் ஹாலை வாடகை வாங்காமல் கொடுத்திருந்தது. அந்தப் பெரிய சபையில் மிஷன் வேலைகளுக்குப் பொறுப்பாளர்தான் பிராட். ஆறடிக்கு மேல் உயரம், தோல் பூட்ஸ், எந்நேரமும் அழப்போகிறவர் போன்ற கனிந்த கண்கள்.

"எட்வின், உங்கள் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று பிராட் கேட்டார்.

"எல்லாருமே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். யாரும் டெக்சாஸில் பிறக்கவில்லை."

பிராட் மரியாதைக்குச் சிரித்தார். அவர் கேட்டது சபைக்கு வெளியிலிருந்து. அதாவது, கிறிஸ்தவரல்லாதவர்கள். எட்வின் மனசுக்குள் வரிசை வரிசையாகத் தேடிப் பார்த்தார். எல்லாரும் பிறக்கும்போதே கிறிஸ்தவர்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம், மார்த்தாண்டம், பாளையங்கோட்டை. போன வருடம் புதிதாக வந்த ஒரே ஒருவர் ஹூஸ்டன் தமிழ்ச் சபையிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

பிராட் மடிக்கணினியைத் திறந்து ஓர் ஆய்வைக் காட்டினார். வண்ண வண்ணமாக வட்டங்கள். சபைக்கு வெளியே இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிடக் கிறிஸ்தவத்துக்கு மனம் திறந்தவர்களாக இருக்கிறார்கள், நண்பர் ஒருவர் அழைத்தால் வரத் தயாராக இருக்கிறார்கள், அழைக்கத்தான் ஆளில்லை என்று வட்டங்கள் சொல்லின. எட்வின் தலையாட்டினார். பிறகு பிராட் குரலைத் தாழ்த்தி, நேபாள நண்பர்கள் கூட்டம் ஒன்று இடமில்லாமல் தவிப்பதைப் பற்றிச் சொன்னார். அங்கே மாதாமாதம் ஞானஸ்நானம் நடக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், கோட்டாவைத் தாண்டி விற்கிற விற்பனைக் குழுவைப் பற்றிப் பேசும் மேலாளரின் கனிவு இருந்தது. மிஷன் கமிட்டி ஈஸ்டர் முடிந்ததும் ஹாலைப் பற்றி முடிவு எடுக்கும். தமிழ் நண்பர்கள் ஏதாவது பலன் காட்டினால் நன்றாக இருக்கும். இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காலை ஆங்கில ஆராதனையில் எல்லாருக்கும் இடம் உண்டு, டோனட்டும் உண்டு.

எட்வினுக்குக் காப்பி அப்போதுதான் கசந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் மீட்டிங் வரும், சண்டை வரும், இன்ஷூரன்ஸ்காரனோடு வாதம் வரும். ஜெபம் வராது. வாய் திறந்தால் அலுவலக மின்னஞ்சல் மாதிரி ஆகிவிடும்: அன்புள்ள ஆண்டவரே, கீழ்க்கண்ட விஷயங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வாரத்தில் ஒரு மத்தியானம் தமிழில் பாடி, தமிழில் அழுது, தமிழில் மன்னிப்புக் கேட்டு எழுந்தால்தான் அடுத்த திங்கட்கிழமையைப் பார்க்கத் தெம்பு வரும். ஹால் போனால் அது போய்விடும்.

அந்த ஞாயிறு சபை மூப்பர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். மூப்பர்களில் மூத்தவர் ஞானமுத்து அண்ணாச்சி. மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களுக்குக் கணக்குப் போட்டு ஓய்வுபெற்றவர். சபையில் கீழ் ஸ்தாயியில் பாடக்கூடிய ஒரே குரல் அவருடையது.

"இந்துக்கள கூப்பிடணுமாக்கும்" என்றார் அண்ணாச்சி. "பாளையங்கோட்டைல பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட நான் ஒரு நாளும் வேதத்தைப் பத்திப் பேசினதில்ல, பாத்துக்கிடும். பேசினா சண்டைக்கு வருவான். சண்டைக்கு வரலைன்னா சபைக்கு வந்துருவான். ரெண்டும் சிரமம்லா."

"வாராவாரம் அவங்களுக்காகத்தான் ஜெபிக்கோமே அண்ணாச்சி."

"ஜெபிக்கது வேற, கூப்பிடது வேற."

அதுவும் உண்மைதான். ரிச்சர்ட்சன் நகரத்து இரட்சிக்கப்படாத ஆத்துமாக்களுக்காகச் சபை வாரந்தவறாமல் உருக்கமாக ஜெபித்துக்கொண்டுதான் இருந்தது, ஏசி வெளியே போய்விடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு.

கூப்பிடும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது. எட்வினுக்குத் தெரிந்த இந்துக்களில் நெருக்கமானவர் திருமூர்த்தி. அதே கம்பெனி, அதே தெரு. கோபிசெட்டிபாளையத்துக்காரர். பல வருடமாகப் புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து ஏர்போர்ட் பயணம்வரை இருவருக்குள்ளும் கொடுக்கல் வாங்கல் உண்டு. மதம் மட்டும் கிடையாது. அதைப் பேசினால் நட்பு முறியும் என்று எட்வின் பயந்தார். மனைவி மெர்லின் சுட்ட கேக்கை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். மதமாற்றம் என்று கோபித்தால் ஒரு பதில், அறிவியல் என்று ஆரம்பித்தால் ஒரு பதில், வெள்ளைக்காரன் சதி என்றால் ஒரு பதில்.

திருமூர்த்தி வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேக்கை நீட்டிவிட்டு, "திரு, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார்.

திருமூர்த்தி முகம் மாறியது. "வேலைல ஏதாச்சும் லே-ஆஃபுங்களா?"

"இல்லல்ல. ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு ஒரு தடவை நீங்க வரணும். சும்மா..."

அடுப்படியிலிருந்து திருமூர்த்தியின் மனைவி வள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இதைக் கேக்கறதுக்கா அண்ணா இத்தன வருசம்? நாங்களா வந்தா நல்லா இருக்காதுன்னுதான் இருந்தோம். கூப்பிடாத எடத்துக்கு எப்படிங்க வர்றது?"

"இல்ல, உங்க நம்பிக்கை..."

"அட, எங்களுக்கு எல்லாச் சாமியும் சாமிதானுங்க. பையன் இளமாறனுக்கு மொத மொட்டை பழனில, ரெண்டாவது மொட்டை வேளாங்கண்ணில." அவள் எட்வினை இழுக்காத குறையாகக் கூட்டிப்போய், மாடிப்படிக்குக் கீழே சாமான் அறையாக இருந்து பூஜையறையாகப் பதவி உயர்ந்த இடத்தைத் திறந்து காட்டினாள். நடுவில் பழனி முருகன். ஒரு பக்கம் குலதெய்வம். இன்னொரு பக்கம் வேளாங்கண்ணி மாதா. கீழ்ப்படியில் ஒரு பிளாஸ்டிக் சிலுவை. "இது இருட்டுல எரியுமுங்க" என்றாள் பெருமையாக.

படமோ சிலையோ இல்லாத சபையில் வளர்ந்த எட்வின், சிலுவையை மட்டும் பார்ப்பதென்று முடிவுசெய்து பார்த்தார். தயார் செய்திருந்த மூன்று பதில்களும் கையிலேயே இருந்தன. மறுக்கிறவனை எப்படி எதிர்கொள்வது என்று சபையில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உடனே ஒப்புக்கொள்கிறவனை என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

போகும்போது வள்ளி ஒன்று சொன்னாள். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி வரிசையில் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வருகிற மே மாதம் இளமாறனுக்கு இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் கார்டு வராவிட்டால் அப்பாவின் விசாவில் அவன் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. மூன்று வயதில் வந்த பையன், தனியாக ஒரு விசா தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். எங்கே? கோபியில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஐஸ்கிரீம் கடை.

"எந்த வேண்டுதல் இருந்தாலும் சொல்லுங்க. சபையா ஜெபிப்போம்" என்றார் எட்வின். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். வள்ளி அதை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வாள் என்று அவர் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வள்ளி பட்டுப்புடவையில் வந்தாள். செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டாள். அதைப் பார்த்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் தங்கள் ஷூக்களைக் குற்ற உணர்ச்சியோடு நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். சபையார் திருமூர்த்தி குடும்பத்துக்காக எழுந்து நின்று ஜெபித்தபோது வள்ளி கண்ணை மூடி, உதட்டை அசைத்து, தனியாக ஏதோ பேசி முடித்தாள். ஆராதனை முடிந்ததும் எட்வினிடம் வந்தாள்.

"அண்ணா, சுத்தி வர்றதுக்கு வழி இருக்குதுங்களா?"

"எதைச் சுத்தி?"

அவள் பிரசங்க மேடையைக் காட்டினாள். மேடைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்ததால் அன்றைக்குச் சுற்ற முடியவில்லை. அடுத்த வாரம் யாரோ நாற்காலிகளை நகர்த்தி வைத்திருந்தார்கள். யார் என்று எட்வின் விசாரிக்கவில்லை.

கார்த்திகை, மார்கழி, கிறிஸ்துமஸ் எல்லாம் போயின. வள்ளி ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பிறவிக் கிறிஸ்தவர்கள் முக்கியமான ஃபுட்பால் ஆட்டத்தன்று வராமல் போனபோதும் வந்தாள். தை பிறந்ததும் மாதாந்திர விசா அறிவிப்பில் வரிசை திடீரென்று நகர்ந்தது. கொஞ்ச நாளில் திருமூர்த்தி வீட்டு எல்லாருக்கும் கார்டு வந்து சேர்ந்தது, இளமாறனுக்கும்.

அந்த ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றபோது வள்ளி எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"முருகனும் கைவிடலைங்க, ஏசப்பாவும் கைவிடலைங்க" என்றாள், தழுதழுத்த குரலில். "ரெண்டு பேரும் பேசிவெச்சு முடிச்சுக் குடுத்துட்டாங்க."

ஞானமுத்து அண்ணாச்சியின் வாயிலிருந்து பாதி வந்திருந்த ஆமென் அங்கேயே நின்றது. மீதியை விழுங்கிக்கொண்டார்.

செய்தி வாட்ஸாப்பில் ஏறிற்று. டாலஸ் வட்டாரத் தமிழர்களுக்கு எத்தனை குழு உண்டோ அத்தனையிலும் போயிற்று. ஃப்ரிஸ்கோவிலிருந்து வந்தார்கள், இர்விங்கிலிருந்து வந்தார்கள். கோயம்புத்தூர், கரூர், மயிலாப்பூர், தேனி. சென்னையில் விசா பிள்ளையாரைச் சுற்றிவிட்டு விமானம் ஏறியவர்களுக்கு இதில் புரியாமல் போக எதுவுமில்லை. இடத்துக்குப் பெயரும் வந்துவிட்டது: ரிச்சர்ட்சன் விசா சர்ச். வாசலில் செருப்பு குவிந்தது. எட்வினின் கைபேசிக்குக் கேள்விகள் வந்தன. விசா ஸ்டாம்பிங்குக்குத் தனி ஜெபம் உண்டா? கிரீன் கார்டில் முதல் படியான லேபர் சர்டிஃபிகேட் ஸ்டேஜில் இருப்பவர்கள் எப்போதிலிருந்து வரலாம்? வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார், அவருக்காக நான் வந்தால் செல்லுமா? ஒரு அம்மாள் பாஸ்போர்ட்டுகளை வெள்ளித்தட்டில் வைத்து, பிரசங்க மேடையில் ஐந்து நிமிடம் வைத்துத் தரும்படி மெர்லினிடம் கேட்டார். மெர்லின் மறுத்தாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, மேடையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

பிராட் ஒரு ஞாயிறு எட்டிப் பார்த்தார். நிற்க இடமில்லாத ஹாலைப் பார்த்ததும் அந்தக் கனிந்த கண்களில் நிஜமாகவே நீர் வந்தது. "பசி, எட்வின். இது ஆன்மீகப் பசி" என்றார். கார்களை ஒழுங்குபடுத்த ஆரஞ்சு சட்டை போட்ட இரண்டு தொண்டர்களை அனுப்பினார். ஈஸ்டர் அன்று முக்கிய ஆராதனையில் தமிழ் நண்பர்களுக்கு ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம், கமிட்டி முழுதும் இருக்கும், ஹாலைப் பற்றி அப்புறம் யாரும் பேசவே மாட்டார்கள் என்றார்.

எட்வின் ஆராதனை முடிவில் அறிவித்தார். ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். கொடுத்தார்கள். வரிசையில் நின்று கொடுத்தார்கள். வள்ளிதான் முதலில்.

"வள்ளி, இதுல தண்ணிக்குள்ள முழுசா முங்கணும். தெரியும்ல?"

"முழுக்குதானுங்களே அண்ணா. பவானி கூடுதுறைல போடாததா? இங்க வெந்நீர் வேற விடறாங்களாம்."

ஒரே ஒருவர் பெயர் கொடுக்கவில்லை. ராமசுப்ரமணியன். நங்கநல்லூர்க்காரர், ஒரு பெரிய நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை. மனைவி ஸ்வர்ணாவின் வேண்டுதலுக்காக அவளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர். இவருக்கு எந்தச் சாமியிடமும் கோரிக்கை இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாற்காலிக்குப் பின்னால் செருகியிருக்கும் வேதாகமத்தை எடுத்துப் படித்துக்கொண்டே இருப்பார். சில சமயம் பிரசங்கத்தின் நடுவில் தலையை நிமிர்த்தி, மேடையில் நிற்பவர் வசனத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டதுபோல் பார்ப்பார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்று பார்க்கிங்கில் எட்வின் அவரைப் பிடித்தார். "சார், ஸ்வர்ணா மேடம் பேர் குடுத்துட்டாங்க. நீங்க?"

"நான் எப்படி சார் குடுக்கறது? நான்தான் படிச்சுட்டேனே."

"படிச்சா குடுக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை படிச்சேன். மொதல்ல சண்டை போடணும்னுதான் படிச்சேன், ஒத்துக்கறேன். ரெண்டாவது தடவை தூக்கம் வரலை." ராமசுப்ரமணியன் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். "உங்க ஆள் லேசுப்பட்டவர் இல்லை சார். வேற யாரையும் வெச்சுக்காதேங்கறார். இருக்கறதை வித்துக் குடுத்துட்டு என் பின்னாடி வாங்கறார். அப்பா அம்மாவைக்கூட ரெண்டாவது எடத்துல வைங்கறார். எனக்கு ஃப்ரிஸ்கோல அஞ்சு பெட்ரூம் வீடு. அப்பாவுக்கு வருஷா வருஷம் திதி குடுக்கறேன். அதை விட எனக்கு தைரியம் இல்லை. இவாளுக்கெல்லாம் இருக்கு. ஏன்னா, படிக்கலை."

ராமசுப்ரமணியன் காரைத் திறந்துவிட்டுத் திரும்பினார்.

"கேக்கறேனேன்னு கோச்சுக்காதீங்கோ. நீங்க வித்துட்டேளா?"

எட்வினுக்கு அஞ்சு பெட்ரூம் வீடு இல்லை; நாலுதான். அந்த வித்தியாசத்தைப் பதிலாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஞானஸ்நான வகுப்பு. பிராட் அனுப்பிய பாடத்தில் எல்லாமே இனிப்பாக இருந்தது: கர்த்தர் உங்களை நேசிக்கிறார், உங்களுக்காக ஒரு திட்டம் வைத்திருக்கிறார். அதை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். ஞானஸ்நானத் தொட்டி நிரம்பும், கமிட்டி கைதட்டும், ஹால் நிலைக்கும். ஞானமுத்து அண்ணாச்சிகூட முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார்: "முங்கிட்டுப் போட்டும்டே. பொறவு மெல்லமா ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிடலாம்."

எட்வின் பாடத்தை வாசித்தார். மூடினார். உட்காரத்தான் நினைத்தார். முன்வரிசையில் வள்ளி, பரீட்சைக்கு வந்தவள்போல் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை ஏமாற்றி அந்தத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பிறகு அதே தெருவில் புல்வெட்டும் இயந்திரம் கேட்கப் போக முடியாது என்று தோன்றியது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். "ஞானஸ்நானம் எடுத்துட்டா, அதுக்கப்புறம் அவர் ஒருத்தரைத்தான் கும்பிடணும். வேற யாரையும் கும்பிடக் கூடாது. பூஜை, படம், கோயில் வேண்டுதல் எல்லாத்தையும் விட்டுரணும்."

ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது. கோபம் இல்லை. ஏர்லைன் கவுன்ட்டரில் பெட்டியின் எடையைச் சொன்னதும் எழும் சத்தம். ஒருவர், "திருப்பதிக்கு ஏற்கெனவே வேண்டிக்கிட்டது பாக்கி இருக்கே சார், அதை மட்டும் முடிச்சுடலாமா?" என்று கேட்டார். இன்னொருவர் நாத்திகர்களுக்கு என்ன சட்டம் என்று விசாரித்தார்.

வள்ளி கையைத் தூக்கினாள். "அண்ணா, முருகனை எப்படிங்க விடறது?"

"விடணும் வள்ளி. அதுதான் இதோட அர்த்தம்."

"ஏனுங்க, அவர் என்ன தப்புப் பண்ணினார்?"

எட்வின் வேதாகமக் கல்லூரியில் தபால்வழியாகப் பட்டயம் வாங்கியவர். பத்துக் கட்டளைகளின் முதல் கற்பனை, இரண்டாம் கற்பனை, பொய்த் தெய்வங்களை எதிர்த்து நின்ற எலியா, கர்மேல் மலை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அதில் ஒன்றுகூட வள்ளி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவள் தத்துவம் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் ஒரு ஆளை, எந்தக் காரணமும் சொல்லாமல் வெளியே போகச் சொல்வது எப்படி என்று கேட்டாள்.

யாரும் சண்டை போடவில்லை. எல்லாரும் எழுந்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கி, எட்வினிடம் கைகூப்பி விடைபெற்றார்கள். ஒருத்தர் அடுத்த மாதம் தன் மகளின் நாட்டிய அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டே போனார். வள்ளி மட்டும் கடைசியாக நின்றாள்.

"இதனால உங்களுக்கு ஏதாச்சும் சிக்கல் வருமுங்களா அண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் எட்வின்.

ஈஸ்டர் அன்று தொட்டியில் நேபாளிகள் முங்கி எழுந்தார்கள். கமிட்டி கைதட்டியது. மறுவாரம் பிராட், எட்வினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கோபமாக இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார்.

"அப்படியென்றால் அவர்கள் மனம் திறந்திருக்கவில்லையா? ஆய்வு தவறா?"

"ஆய்வு சரிதான். திறந்துதான் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதை விட நன்றாகத் திறந்திருக்கிறது" என்றார் எட்வின், தன் மீட்டிங் ஆங்கிலத்தில். "யார் வந்தாலும் உள்ளே உட்கார இடம் கொடுப்பார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எழுந்து போகச் சொல்லத்தான் தெரியாது. நாம் கேட்டது அதை."

பிராட் வெகுநேரம் தலையாட்டினார். அழகாகச் சொன்னீர்கள், அடுத்த மிஷன் மாநாட்டில் இதைச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு ஞாயிறு மத்தியானம் ஹால் நேபாள நண்பர்களுக்கு என்பதையும் அதே கனிவோடு சொன்னார்.

தமிழ்ச் சபை ஒரு ஞாயிறு ஆங்கில ஆராதனைக்குப் போய்ப் பார்த்தது. மேடையில் கிட்டாரும் புகையும் வந்தன. திரையில் ஓடிய வரிகளைப் பின்தொடர்ந்து எட்வின் வாயசைத்தார். பக்கத்தில் ஞானமுத்து அண்ணாச்சி கீழ் ஸ்தாயியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று அந்தப் பாட்டில் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். டோனட் சாப்பிடும்போது யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் திருமூர்த்தியும் வள்ளியும் வீட்டுக்கு வந்தார்கள். விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருந்தது. மெர்லின்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏனுங்கண்ணா, எங்களாலதான உங்க எடம் போச்சு?" என்றாள் வள்ளி. "எங்க வீட்டு ஹால் சும்மாதான கெடக்குது. சோபாவ நவுத்திட்டா அத்தன பேரும் ஒக்காரலாம். எடம் கெடைக்கற வரைக்கும் அங்கியே வெச்சுக்கோங்க."

எட்வின் மெர்லினைப் பார்த்தார். "உங்க பூஜை ரூம் அங்கதான இருக்கு வள்ளி."

"கதவைச் சாத்திடறேனுங்க. முருகனும் ஞாயித்துக்கெழமை கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

மூப்பர் கூட்டம் போனில் நடந்தது. விக்கிரகம் இருக்கும் கூரையின் கீழ் ஆராதனையா என்று ஒருவர் கேட்டார். கூரை ஒன்று, அறை வேறு என்று இன்னொருவர் வாதாடினார். தோட்டத்தில் வைத்தால் தோஷமில்லை என்று ஒருவர் சொல்ல, தோஷம் என்ற வார்த்தையே கிறிஸ்தவ வார்த்தை இல்லை என்று வேறொருவர் கண்டித்தார். சபைக்கு வர இந்துக்கள் ஒருவரும் இவ்வளவு யோசிக்கவில்லை என்று மெர்லின் பின்னாலிருந்து சொன்னது போனில் கேட்டிருக்காது. கடைசியில் ஞானமுத்து அண்ணாச்சி, "சிலை இருக்க வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன். வேற யாரும் போனா நான் தடுக்கல" என்று தீர்ப்புச் சொன்னார்.

எட்வின் வள்ளியைக் கூப்பிட்டு, வருகிறோம் என்றார்.

பாதிப்பேர்தான் வந்தார்கள். சோபா சுவரோரமாக நகர்ந்திருந்தது. தரையில் ஜமக்காளம். ஸ்வர்ணாவைக் கொண்டுவந்து விட வந்த ராமசுப்ரமணியன், கையில் சொந்தமாக வாங்கிய வேதாகமத்தோடு மூலையில் உட்கார்ந்துகொண்டார். இளமாறன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "Do I have to sit?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, பதில் வருமுன் உட்கார்ந்துவிட்டான். சாத்திய கதவைத் தாண்டி ஊதுபத்தி வாசனை கொஞ்சம் வந்தது. அதை யாரும் எதுவும் செய்ய முடியாது.

எட்வின் எழுந்து பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்தார். முதல் அடி முடிவதற்குள் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. தமிழ் அவரை அப்படித்தான் செய்யும். சமாளித்துக்கொண்டு பல்லவிக்கு வந்தபோது, கீழே எங்கிருந்தோ ஒரு கனத்த குரல் வந்து பாட்டைத் தாங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அறைக்குள் அந்தக் குரல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, திருமூர்த்தியின் வீட்டு முன் டிரைவ்வேயில், ஞானமுத்து அண்ணாச்சியின் கார் நின்றுகொண்டிருந்தது. அண்ணாச்சி சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தார். கார் நின்ற இடம் வீடா, தெருவா என்பதைப் பற்றி அவர் ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

வள்ளி ஒரு தட்டில் டீயும் முறுக்கும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டாம் சரணத்தின் நடுவில் கீழ் ஸ்தாயி நின்றது.

"இது சாமிக்குப் படைச்சதாம்மா?" என்று அண்ணாச்சி கேட்பது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"இல்லீங்கய்யா. படைச்சது உள்ள தனியா இருக்குது. அது வேணுமுங்களா?"

"வேண்டாம், வேண்டாம். இதுவே போதும்."

சரணம் முடிந்தது. மூன்றாவதை எடுக்கப்போன எட்வின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நிறுத்தினார். அண்ணாச்சி மென்று முடிக்க வேண்டும். அந்தக் கீழ் ஸ்தாயிக்கு வேறு ஆளில்லை.